ஏக்கத்தைத் தேடிச் செல்லும் காந்தம்



“மனசு வெச்சா விட்டுடலாம், இவருக்கு மனசே இல்லை.” சிகரெட்டை விட முடியாமல் தவிக்கிறவர்களைப் பற்றி நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் பேச்சு இது. இது எவ்வளவு அநியாயமான பேச்சு என்பதை மூளை ஆய்வுகள் காட்டிவருகின்றன.

2007-ஆம் ஆண்டு நசீர் நக்வி, அந்துவான் பெச்சாரா ஆகியோர் அடங்கிய குழு ஒன்று அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூளையில் சேதம் ஏற்பட்ட புகைப்பிடிப்பவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 19 பேருக்கு ‘இன்சுலா’ என்ற பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் புதைந்திருக்கும் பகுதி அது. அந்த 19 பேரில் 13 பேர் புகைப்பதை நிறுத்தியிருந்தார்கள். அதிலும் 12 பேருக்கு அது ஒரு போராட்டமாகவே இருக்கவில்லை. புகைக்க வேண்டும் என்ற உந்துதலே அவர்களுக்கு எழவில்லை.

பல வருஷம் மனத்தோடு மல்லுக்கட்டியும் போகாத ஏக்கம், மூளையின் ஓரிடம் பழுதானதும் அடங்கிவிட்டது. அப்படியென்றால், அந்த இடத்தைச் சேதப்படுத்தாமல், மண்டையைத் திறக்காமல், வெளியிலிருந்தே அதன் இயக்கத்தை மாற்ற முடியுமா?

அதற்கான கருவி ஏற்கெனவே இருந்தது. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவருடைய சகாக்களும் ஒரு கம்பிச்சுருளை ஒருவரின் தலைக்கு மேலே பிடித்து, அதில் ஒரு கணம் மட்டும் பலத்த மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். உடனே அந்த மனிதரின் கை தானாகத் துடித்தது. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்டறிந்த அதே விதிதான். காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, உள்ளே நரம்புகளைத் தூண்டுகிறது. டி.எம்.எஸ். என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

சிகரெட் பழக்கத்துக்கு இதை எப்படிக் கொடுக்கிறார்கள்? இன்சுலாவையும் நெற்றிப்பக்க மூளையையும் எட்டும்படி வடிவமைத்த சுருளைத் தலைக்கவசம்போல மாட்டுகிறார்கள். அதற்கு முன்னால், நோயாளியைப் புகைப்பதைப் பற்றியே நினைக்கச் சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது. ஏக்கம் விழித்திருக்கும்போதுதான் அதற்குரிய நரம்புச் சுற்றை மாற்றுவது எளிது என்று கருதப்படுகிறது. பிறகு சுமார் 18 நிமிடம் காந்தத் துடிப்புகள். மயக்கமருந்து கிடையாது. இதை மின்னதிர்ச்சி சிகிச்சையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் வலிப்பை வரவழைப்பதில்லை. மூன்று வாரம் வேலைநாள்தோறும், அடுத்த மூன்று வாரம் வாரத்துக்கு ஒருமுறை.

262 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு உண்மைச் சிகிச்சை. மறு பிரிவினருக்கு அதேபோல் சத்தமிடும் போலிச் சுருள். உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 19 பேர் தொடர்ந்து நான்கு வாரம் புகைக்காமல் இருந்தார்கள். மற்றவர்களில் சுமார் 9 பேர். இதன் அடிப்படையில் 2020-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி அளித்தது.

இரண்டு மடங்கு பலன் என்பது பெரிய விஷயம். ஆனாலும் நூற்றில் எண்பது பேருக்கு இது கைகொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மது, கொக்கேயின் பழக்கங்களுக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அங்கே முடிவுகள் இன்னும் ஒன்றுபோல் வரவில்லை. ஆகவே, “ஒரே வாரத்தில் குடியை மறக்கடிப்போம்” என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். இந்தக் காந்தச் சிகிச்சையால் தலைவலி வரலாம். மிக அரிதாக வலிப்பும் வரலாம். வலிப்பு நோய் உள்ளவர்களும், தலைக்குள் உலோகமோ காதுக்குள் பொருத்திய மின்கருவியோ உள்ளவர்களும் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சிகரெட்டை விட நினைப்பவர்கள் இந்தக் கருவிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மனநல ஆலோசனை இருக்கிறது, நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, மாத்திரைகள் இருக்கின்றன. 1800 11 2356 என்ற இலவச எண்ணைச் சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அழைத்துப் பேசுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். விட்டவர் மறுபடி தொட்டுவிட்டால், “நீ தேறமாட்டே” என்று சொல்லாதீர்கள். சர்க்கரை ஏறிவிட்டால் திட்டிக்கொண்டிராமல் மருத்துவரிடம்தானே அழைத்துப் போகிறோம்? இவரையும் அப்படியே அழைத்துப் போங்கள்.