"ரெண்டு தட்டுத்தான் சேர்"

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொலிஸ் காவலில் எப்படி நடத்தினார்கள் என்பதை உள்ளே இருந்து வந்தவரிடம்தான் கேட்க வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழு அப்படித்தான் கேட்டது. அம்பிகா சற்குணநாதன் தலைமையில் சிறை சிறையாகப் போய்க் கைதிகளிடம் பேசி, 2020 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் பொலிஸ் காவலில் அடித்தார்கள் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று தமிழ்க் கைதிகள் சொல்லியிருக்கிறார்கள்.

நம்ம லயங்களில் நானும் கேட்டிருக்கிறேன். "அடிச்சாங்களா தம்பி?" என்றால், "பெருசா இல்ல சேர், ரெண்டு தட்டுத்தான்" என்கிறான். "ஐயா நல்ல மனுசன், குடிக்கத் தண்ணி குடுத்தாரு" என்கிறார் இன்னொருவர். எதற்காகப் பிடித்தார்கள் என்று அவருக்குக் கடைசிவரை சொல்லவில்லை. அதை அவர் ஒரு குறையாகவே எடுக்கவில்லை. எனக்குப் பயம் இங்கேதான். தண்ணீரைத் தயவு என்கிறோம், அறையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. துரைமாரிடம் கைகட்டி நின்ற பழக்கம் பொலிஸ் வாசலிலும் கூடவே வருகிறது.

2023 மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பதுளையைச் சேர்ந்த நம்ம பெண் ஒருவர், கொழும்பில் வீட்டு வேலை செய்தவர். நகை களவு என்ற முறைப்பாட்டில் பிடிபட்டு, வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்த நிலையில் உயிரிழந்தார். எத்தனை வீடுகளில் நம்ம பிள்ளைகள் வேலைக்கு நிற்கிறார்கள்!

அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. போர்க்காலம் என்றாலும் விலக்கில்லை. 13ஆவது, கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். வாக்குமூலத்தை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும், அவர் திருத்தலாம், சேர்க்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவில் இது இருக்கிறது. ஆகவே, "தமிழில் சொல்லுங்க, பிறகு கையெழுத்துப் போடுறேன்" என்று கேட்பது எதிர்த்துப் பேசுவதல்ல.

தலைவர்மாருக்கு ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். "ஐயாகிட்ட பேசி முடிச்சிட்டேன்" என்று பெருமையாகத் திரும்பி வருகிறீர்கள். பையன் வீட்டுக்கு வந்துவிட்டான், சரி. அவன் முதுகை யார் பார்த்தது? அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, அடித்ததை டாக்டரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். வக்கீலுக்குக் காசு தேடுவதற்குள் நமக்கு அந்த மாதம் ஓடிவிடுகிறது. ஆனால் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி 1996. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்களை என்னிடம் அனுப்புங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு சங்கக் காரியாலயத்தில் இருப்பேன்.