குடும்பக் கல்லறை மண்டபம் கட்டலாமா?

(ஆடி அமாவாசையன்று ஆலய மண்டபத்தில் நடைபெற்ற முன்னோர் வழிபாட்டுக் கூட்டத்தில் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோயில் மண்டபத்தில் நின்று கல்லறையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். இன்று ஆடி அமாவாசை. காலையிலிருந்து எள்ளும் தண்ணீரும் இறைத்து நாம் அழைத்தது மறைந்தவர்களைத்தானே? வள்ளுவப் பெருந்தகையும் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவருள் முன்னோரைத்தான் முதலில் வைத்தார். தெய்வத்தைக்கூட அடுத்த இடத்தில்தான் வைத்தார். ஆகவே துணிந்து பேசுகிறேன்.

குடும்பத்துக்கென்று சொந்தமாக ஒரு கல்லறை மண்டபம் கட்டிக்கொள்ளலாமா என்று அண்மைக் காலத்தில் சிலர் நிர்வாகக் குழுவிடம் யோசனை கேட்டு வந்தார்கள். பணம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, பெற்றோர் மீது பக்தியும் இருக்கிறது. அவர்களுக்கு நான் அறிவுரை சொல்லப் போவதில்லை. இதே கேள்வி என் குடும்பத்தில் எழுந்தபோது நாங்கள் என்னென்ன யோசித்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் தந்தையார் சுங்கைப் பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர். 1978இல் காலமானார். தோட்டத்து மயானத்திலேயே அடக்கம் செய்தோம். அத்தை 1989இல், தாயார் 2001இல். அவர்களும் அதே இடத்தில்தான். சிமெண்டு மேடை, தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு சிறு மாடம், அவ்வளவுதான் சமாதி. தீபாவளிக்கு முன்னால் அண்ணன் தம்பிகள் போய்ப் புல் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, படையல் வைத்து வருவோம். உங்களில் பலருக்கும் இது பழக்கமான காட்சியாகத்தான் இருக்கும்.

2022இல் தோட்டம் கைமாறி, வீடமைப்புத் திட்டத்துக்குப் போகிறது என்று தெரிய வந்தது. மயானமும் அந்த நிலத்தில் சேர்த்தி. உறவினர் எலும்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்று தகவல் வந்தது. அன்றிரவே அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது; லாரித் தொழிலில் உழைத்து முன்னுக்கு வந்தவர். கூலிமில் இரண்டு ஏக்கர் டுசுன் வாங்கி, டுரியானும் ரம்புத்தானும் வைத்திருக்கிறார்.

"தம்பி, அப்பா நாப்பது வருசம் அடுத்தவன் நெலத்துல மரம் வெட்டினாரு. செத்தும் அடுத்தவன் நெலத்துலதான் கெடந்தாரு. இப்ப அங்கேருந்தும் எழுந்திரின்னு சொல்றான். இனிமேலாவது அவரு சொந்த நெலத்துல படுக்கட்டும்" என்றார்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பேசிப் பிழைத்தவன். அந்தப் பேச்சுக்கு எனக்குப் பதில் வரவில்லை.

அண்ணனின் திட்டம் பெரிது. டுசுனில் ஒரு பளிங்கு மண்டபம், சிறிய விமானம், சுவரில் பன்னிரண்டு மாடங்கள். மூவரின் எலும்புகளையும் தகனம் செய்து, அஸ்தியை அங்கே வைப்பது. பின்னால் நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்வது. அதற்குள் தனியார் நினைவுப் பூங்கா ஒன்றின் விற்பனையாளரும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டார். அவருடைய குடும்பக் கல்லறைத் திட்டத்தின் விலையில் எங்கள் தாமானில் வீடு ஒன்று வாங்கலாம். மாதத் தவணை உண்டாம். அந்த மாதத்துக்குள் பதிந்தால் தள்ளுபடியும் உண்டாம். சாவுக்குத் தள்ளுபடி கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணனின் ஆசையை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. செங் பெங் காலத்தில், ஏப்ரல் மாதம், பினாங்கு மலைச்சரிவுகளில் நம் சீன நண்பர்கள் மூன்று தலைமுறையோடு வந்து கல்லறை துடைப்பதைப் பார்க்கும்போது எனக்கும் ஏக்கம் வரும். நம் தோட்டத்துத் தாத்தா பாட்டிகளுக்கு என்ன இருக்கிறது? பலருக்குப் பிறந்த தேதியே தெரியாது. அந்தச் சிமெண்டு மேடையில் கீறியிருக்கும் பெயர்தான் அவர்கள் இந்த மண்ணில் வாழ்ந்ததற்கு ஒரே சாட்சி.

சமயம் என்ன சொல்கிறது என்று என்னைத்தான் கேட்டார்கள். திருமூலர் ஏழாம் தந்திரத்தில் சமாதிக் கிரியை என்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார். ஒன்பது சாண் ஆழம், உள்ளே முக்கோணக் குகை என்று அளவெல்லாம் கொடுக்கிறார். ஆனால் அது ஞானியருக்கு. அந்தத் தகுதிக்கு எங்கள் குடும்பத்தில் யாரும் விண்ணப்பம் போட முடியாது. மற்றவர்களுக்குப் புதைப்பதும் எரிப்பதும் அவரவர் குல வழக்கு. எரித்தால் அஸ்தியை நீரில் கரைப்பதே நம் மரபு. மாடத்தில் வைத்துப் பூட்டுவது பிற்காலத்தில் வந்தது.

அண்ணன் விடவில்லை. "ராஜாக்கள் கட்டலையா?" என்றார். கட்டினார்கள். பள்ளிப்படை என்று அதற்குப் பெயர். முதலாம் ஆதித்த சோழனுக்குத் தொண்டைமானாட்டில் அவன் மகன் பராந்தகன் கட்டினான். தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் மேல்பாடியில் கட்டினான். நம் கடாரத்தின் மீது 1025 வாக்கில் படை அனுப்பினானே ராஜேந்திரன், அவன் தன் சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்குப் பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் கட்டினான். மூன்றும் சிவன் கோயில்கள். ஊரார் வந்து கும்பிடுவதற்கு இறைவனை எழுந்தருளச் செய்தார்கள். பஞ்சவன் மாதேவியின் கோயிலை இன்று ராமநாதன் கோயில் என்றுதான் மக்கள் அழைக்கிறார்கள். அரசியின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கும்பிட வருபவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அதே ராஜேந்திரன் 1044இல் மறைந்தான். அரசி வீரமாதேவியும் உடன் உயிர் நீத்தாள். அவளுடைய உடன்பிறந்தவன் ஒரு சேனாபதி. அவன் அவர்கள் நினைவாகப் பிரம்மதேசத்தில் தண்ணீர்ப்பந்தலுக்கு அறம் வைத்தான் என்று அவ்வூர்க் கல்வெட்டு சொல்கிறது. கங்கையும் கடாரமும் கொண்டவனின் பெயரால் வழிப்போக்கனுக்கு ஒரு குவளைத் தண்ணீர்! இதைச் சொன்னபோது அண்ணன் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ வாத்தியாரு, எதையாவது சொல்லி மடக்கிடுவே" என்றார்.

பெரிய கல்லறை மண்டபத்துக்கு ஆங்கிலத்தில் மௌசோலியம் என்று பெயர் வந்த கதையையும் சொல்லாமல் விடவில்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நான்காம் நூற்றாண்டில் மௌசோலஸ் என்ற சிற்றரசனுக்கு ஹாலிகார்னாசஸ் நகரில் எழுந்த கல்லறை அது. உலக அதிசயம் ஏழில் ஒன்று. நிலநடுக்கத்தில் சரிந்தது. எஞ்சிய கற்களைப் பெயர்த்துச் சிலுவைப்போர் வீரர்கள் கோட்டைச் சுவருக்கு வைத்துக்கொண்டார்கள். துருக்கியில் போட்ரும் நகரில் அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது.

பிறகு சட்டம். டுசுன் விவசாய நிலம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி நிலத்துக்கு விதித்த பயனை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. மாநில அரசின் அனுமதி வேண்டும். அதைக்கூட அலைந்து திரிந்து வாங்கிவிடலாம். எங்கள் வழக்கறிஞர் எடுத்துக் காட்டிய இன்னொன்றுதான் என்னை உட்கார வைத்தது. அதுவும் நம் பினாங்கு வழக்கு.

இங்கே வாழ்ந்த சீன மாது ஒருவர் தம் உயிலில், குடும்பக் கல்லறைகள் உள்ள இரண்டு தோட்டங்களையும் விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, அவை குடும்ப அடக்க நிலமாகவே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1875இல் அந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஒரு குடும்பத்துக்கு மட்டும் பயன்படுவது அறக்கொடை ஆகாது. அறக்கொடை அல்லாத ஒன்றுக்காகச் சொத்தைக் காலமெல்லாம் கட்டிப்போட முடியாது என்பதே அதன் சாரம். கோயிலுக்கோ பள்ளிக்கோ எழுதி வைத்தால் அது தலைமுறை கடந்து நிற்கும். என் அப்பாவின் மண்டபத்துக்கு மட்டும் என்று எழுதி வைத்தால் நிற்காது. நமது வாரியத்தின் நிகழ்ச்சிகளில் அறக்கட்டளை, அறக்கட்டளை என்று நானே பல முறை பேசியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் இத்தனை இருப்பது அன்றுதான் உறைத்தது.

பராமரிப்பைப் பற்றி இந்தச் சபையில் நான் விளக்க வேண்டியதில்லை. நம் கோயிலின் பின்பக்க ஒழுக்கை அடைக்க எத்தனை முறை உங்களிடம் ரசீதுப் புத்தகத்தோடு வந்திருக்கிறோம்! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு கும்பாபிஷேகம் என்றால் ஊரே கூடி இழுக்கிறது. டுசுன் மண்டபத்துக்கு யார் கூடுவார்கள்? மெல்பர்னில் இருக்கும் அண்ணன் மகள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "சித்தப்பா, சாவி யார்கிட்ட இருக்கும்?"

ஆனால் எங்களை உண்மையில் உலுக்கியது என் தங்கையின் கேள்வி. அவள் சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே சுவா சூ காங்கில் அடக்கம் செய்தால் பதினைந்து ஆண்டுகள்தான். 1998 முதல் அப்படி ஒரு விதி. பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். தகனத்தை அனுமதிக்கும் சமயத்தவராக இருந்தால் எலும்பைத் தகனம் செய்துவிடுவார்கள். அதற்குப் பழகிப்போனவள் ஆதலால் மண்டபம் என்றதும் மகிழ்வாள் என்று நினைத்தோம். அவள் கேட்டாள்: "பன்னிரண்டு மாடத்துல எனக்கு ஒண்ணு உண்டா அண்ணே? இல்ல, நான் அவங்க வீட்டுக் கணக்கா?"

அண்ணன், "உனக்கு இல்லாமலா?" என்றார். "அப்ப என் வீட்டுக்காரருக்கு?" என்றாள். அண்ணிக்கு உண்டென்றால் அண்ணியின் பெற்றோருக்கு? மகன் இல்லாமல் போனவர்கள் அவர்கள்; வருடா வருடம் திதி கொடுப்பது அண்ணிதான். எங்கள் அத்தை குழந்தை இல்லாத விதவை. எங்கள் நால்வருக்கும் சோறு ஊட்டி வளர்த்தவள். பிள்ளை இல்லாதவள் என்று அவளை மூலையில் வைப்பதா, தாயாருக்குப் பக்கத்தில் வைப்பதா? குடும்பம் என்று வாயால் சொல்வது எளிது. பன்னிரண்டு மாடத்தில் எண் போட்டால் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்துவிடும் போலிருந்தது. என் தம்பி ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. காரணம் இங்கே வேண்டாம்.

கடைசியில் திட்டத்தை நிறுத்தியது அண்ணனேதான். எலும்பு எடுப்பதற்கு முன் பெயர்களைக் குறித்துக்கொள்ளலாம் என்று நானும் என் பழைய மாணவர் இருவரும் நோட்டுப் புத்தகத்தோடு மயானத்துக்குப் போனோம். அண்ணனும் வந்தார். எங்கள் மூவர் பெயரோடு நின்றுவிட அவருக்கு மனம் கேட்கவில்லை. "இது தண்டல் தாத்தா. இது பாலர் கொட்டகை ஆயா. இவங்க புள்ளைங்க எங்கே போனாங்களோ தெரியல" என்று ஒவ்வொரு மேடாகப் புல்லை விலக்கிச் சொல்லிக்கொண்டே போனார். எழுத்து அழிந்தவை பல. அவர் நினைவில் இருந்தவர்களைச் சேர்த்து நாற்பதுக்கும் மேல் எழுதினோம். வண்டியில் திரும்பும்போது, "மண்டபம் கட்டினா இவங்களை எங்கேடா வைக்கிறது?" என்று கேட்டார். அதன் பிறகு பளிங்கைப் பற்றிப் பேசவில்லை.

உரிய அனுமதி பெற்று, எங்கள் மூவரின் எலும்புகளையும் எடுத்துத் தகனம் செய்து, அஸ்தியைக் கடலில் கரைத்தோம். அத்தைக்கும் தாயாருக்கும் ஒரே கலசம். அது தங்கையின் முடிவு. மண்டபத்துக்கென்று ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி இந்த ஆலயத்தில் ஆடி அமாவாசை அன்னதான வைப்பு நிதியாயிற்று. மற்றொரு பகுதி தோட்டத்திலிருந்து இடம் மாறிய தமிழ்ப்பள்ளிக்குப் போயிற்று. இன்று காலை அர்ச்சகர் வாசித்த நீண்ட பட்டியல் அந்த நோட்டுப் புத்தகத்தில் உள்ளதுதான். சென்ற ஆண்டு பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, வாசிப்பின் நடுவே எழுந்து நின்று, "அது எங்க பாட்டி" என்றார். தகப்பன் பெயரைக் கேட்டு, பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

கட்டியே தீருவேன் என்பவர்கள் கட்டலாம். சட்ட அனுமதியை முதலில் பாருங்கள். பெண் பிள்ளைகளைக் கேளுங்கள். சாவி யாரிடம் என்பதை எழுதி வையுங்கள். இடிபடும் தோட்டங்களில் உறவினர் சமாதி உள்ளவர்கள், இயந்திரம் வருவதற்கு முன் பெயரையும் திதியையும் குறித்து ஆலய அலுவலகத்தில் கொடுங்கள். திதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மகாளய அமாவாசையில் சேர்த்துக்கொள்வோம். இதற்குக் கட்டணம் இல்லை.

அண்ணன் இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தமக்கு என்ன செய்ய வேண்டும் என்று இதுவரை சொல்லவில்லை. டுசுனில் மண்டபத்துக்காகச் சமன் செய்த இடத்தை அப்படியே வைத்திருக்கிறார். ஒரு மரமும் நடவில்லை. நானும் கேட்கவில்லை.

பந்தி தயாராகிவிட்டது என்று சமையற்கட்டிலிருந்து கை காட்டுகிறார்கள்.