பல்கலைக் கழகப் பேச்சும் பஞ்சாயத்தும்

(மணப்பாறையில் ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



பொருளாதாரம், அரசியல், தட்பவெப்ப மாறுதல், சமூகநலக் கொள்கை ஆகியவை குறித்துப் பல்கலைக் கழகங்களில் பொதுச் சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. பொதுமக்கள் கேட்பதற்காகவே அவை ஏற்பட்டன. ஆயினும், ஏர் பிடிப்போர் அங்கே செல்வது அரிது. "அது படித்தவர்கள் விஷயம், நமக்கென்ன?" என்று நாம் ஒதுங்கி விடுகிறோம். இதனால் நட்டம் யாருக்கு என்று ஆராய்வோம்.

1915ஆம் ஆண்டில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக நியமிக்கப் பெற்றார். அடுத்த ஆண்டில் அவர் தம் மாணவர்களைக் கிராமங்களின் நிலம், சாகுபடி, கூலி, கடன் முதலியவற்றை விசாரித்து எழுதச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் போன்ற ஊர்களின் நிலைமை 1918இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் 1936-37இல் அதே ஊர்களை மறுபடியும் ஆராய்ந்தார்கள். இன்று விழுப்புரம் மாவட்டத்திலுள்ள இருவேல்பட்டினைப் பின்வந்த ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு வரை தொடர்ந்து கவனித்து வந்தனர்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பல்கலைக் கழகத்தின் பொருளாதாரம் கிராமத்துக் களத்திலிருந்தே விளைவைப் பெற்றது. ஆனால், ஆங்கிலத்தில் அச்சான அந்நூலைப் படிக்க அவ்வூர் உழவருள் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? களத்து நெல் வெளியூர் சென்றது; விதைநெல்லாகவேனும் அது ஊருக்குத் திரும்ப வேண்டாமா? அவ்வாறு திரும்பும் வழிதான் பொதுச் சொற்பொழிவு.

தட்பவெப்பத்தையே எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவிகிதம் மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானம். ஆகவே மழை ஒரேயடியாகக் கொட்டுவதும், இடையில் நீண்ட நாள் காய்வதும் மிகுதியாகக் கூடும். 2015ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. வானம் பார்த்த பூமி மிகுந்த மணப்பாறைச் சீமைக்கு இது ஏட்டுச் செய்தியன்று. கிணறு வற்றியதும் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு தோண்டுவதா, ஏரி வரத்துக் காலைச் செப்பனிடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம். தவறினால் கடன் நிற்கும், தண்ணீர் நிற்காது.

ஓர் ஏக்கரில் 25 மில்லி மீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. அதில் எவ்வளவு நம் வரப்புக்குள் தங்குகிறது, எவ்வளவு ஓடிப் போகிறது? இவ்வாறு கணக்குப் பார்க்கத் தூண்டுவதே நல்ல சொற்பொழிவின் பயன்.

பேராசிரியர் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்த பிறகன்றோ விலை பேசுகிறோம்! கருத்தையும் அவ்வாறே பரீட்சை செய்ய வேண்டும். அதற்கு நம் கையில் சொந்தக் கணக்கு வேண்டும்.

எனவே ஊராட்சிகள் மூன்று காரியங்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, மழைமானி ஒன்று வைத்து, அன்றன்று பெய்த மழையையும், மாதந்தோறும் சில கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஒரு நோட்டில் பதிய வேண்டும். பள்ளி மாணவரும் இதைச் செய்யலாம்.

இரண்டாவது, திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக் கழகமும், நாவலூர் குட்டப்பட்டில் வேளாண்மைக் கல்லூரியும், தேசியச் சட்டப் பல்கலைக் கழகமும் உள்ளன. இவற்றின் ஆசிரியர்களைக் கிராம சபைக்கு முந்திய வாரத்தில் ஊருக்கு அழைத்துத் தமிழில் பேசச் செய்யலாம். பெண்களும், நிலமற்ற கூலியாளரும் முன்வரிசையில் அமர்ந்து கேட்க வேண்டும். கூலியும் குடிநீரும் பற்றி அவர்களைவிட அறிந்தவர் யார்?

மூன்றாவது, பேச்சு முடிந்ததும் நம் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, விடையைக் கிராம சபையில் படித்து, தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். தீர்மானத்தில் ஏறாத பேச்சு காற்றோடு போகும்.

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்குச் சட்ட மதிப்பளித்தது. அந்த மதிப்பைப் பயன்படுத்துவது அறிந்து பேசும் மக்களைப் பொறுத்தது. வரும் மழைக்கு முன்பே ஒவ்வோர் ஊராட்சியிலும் அந்த நோட்டின் முதல் பக்கம் எழுதப்படுமாக!