இணைந்தன கம்பெனிகள், இருக்கைக்கு யார் காவல்?

(பொதுக்கூட்டச் சொற்பொழிவிலிருந்து)



திருச்சியிலே இரவில் விமானமேறி, சிங்கப்பூரிலே இறங்கிப் பிழைக்கப் போகின்ற நம் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். ஆகாய விமானம் சீமான்களின் சிங்காரத் தேர் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. கடன் வாங்கி டிக்கெட் எடுப்பவனும் பறக்கிறான். ஆகவேதான் விமானக் கம்பெனிகள் கைகோக்கும் கதையை இந்த மேடையிலே பேச வந்தேன்.

1948 ஜூனிலே ஏர் இந்தியாவின் முதல் கடல் கடந்த விமானம், பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டன் சென்றது. 1953-ல் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாயின. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என இரண்டாகவே வைத்தார்கள். 2007-ல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். செலவு குறையும், உலகப் போட்டியிலே தலைநிமிரலாம் என்றார்கள். ஆனது என்ன? பெயர்ப்பலகை ஒன்றாயிற்று, பணிமூப்புப் பட்டியல் இரண்டு, சம்பள முறை இரண்டு, சங்கங்களோ பல!

நாடகக்காரன் நான். இரண்டு கம்பெனி நடிகர்களை ஒரே மேடையில் ஏற்றி, ராஜபார்ட் யாருக்கென்று சொல்லாமலே திரையைத் தூக்கினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதுதான் நடந்தது. நெடுந்தூரம் பறக்கும் ட்ரீம்லைனரை ஓட்டப் பயிற்சி யாருக்கு என்ற தகராறிலே, 2012 மே மாதம் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். 58 நாள் நீடித்தது. அவர்களை நான் ஏசமாட்டேன். பதவி உயர்வு பறிபோகுமே என்று பதறினார்கள். பதற்றத்தைத் தீர்க்க வேண்டியவர்களோ, ஐந்தாண்டுக் காலம் கோப்புகளைப் புரட்டிக் கொண்டிருந்தார்கள்!

கணக்கையும் கேளுங்கள். 2021 ஆகஸ்டு முடிவிலே ஏர் இந்தியாவின் கடன் 61,562 கோடி ரூபாய். வாங்கிய டாட்டா நிறுவனம் ஏற்றுக்கொண்ட கடன் 15,300 கோடி. மிச்சம் 46,262 கோடி? சர்க்காரின் தனிக் கம்பெனிக்கு. அதாவது, விமானத்தையே அண்ணாந்து பார்த்திராத உழவன் தலைக்கும்!

2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா, ஏர் இந்தியாவிலே கலந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 25.1 சதவிகிதப் பங்கு கிடைத்தது. நேற்றுவரை பயணிக்காகப் போட்டியிட்டவர்கள் பங்காளிகளாகி விட்டார்கள்! இதை உன்னிப்பாக நோக்கியது யார் தெரியுமா? சிங்கப்பூரின் போட்டி ஆணையம். டெல்லி, பம்பாய், சென்னை, நமது திருச்சி - இந்த நான்கு தடங்களிலே போட்டி குன்றும் என்று கண்டது. கொரோனாவுக்கு முன்பிருந்த அளவுக்கு இருக்கைகளை வைத்திருப்போம் என்ற உறுதியைப் பெற்ற பிறகே, 2024 மார்ச்சில் இசைவளித்தது. கண்காணிக்கத் தனித் தணிக்கையாளர் வேண்டும் என்றும் கட்டளை!

டெல்லியின் போட்டி ஆணையமும் 2023-ல் உறுதிமொழி பெற்றே அனுமதித்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் உறுதிமொழி வேறு, உறங்காத கண் வேறு. 2025 டிசம்பரிலே, விமானிகளின் ஓய்வு விதிக்குத் தக்கபடி ஆள் ஏற்பாடு செய்யாத இண்டிகோ, ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. வேறு விமானம் உண்டா? உள்நாட்டு வானத்தின் பெரும்பகுதி இரண்டே குழுமங்களின் கையில்! கட்டணம் எகிறியது; சர்க்கார் உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது.

நெடுந்தூர வானத்தையும் இனி இந்த இருவரே பங்கிட முனைகிறார்கள். ஏர் இந்தியா 2023-ல் 470 விமானங்களுக்கும், இண்டிகோ 2024-ல் ஏ350 விமானங்கள் 30-க்கும் ஒப்பந்தம் செய்தன. துபாயிலும் தோகாவிலும் காத்துக் கிடக்காமல், நேரே பறக்கலாம் என்றால் மகிழ்ச்சியே! ஆனால் இனி எந்த இணைப்புக்கு இசைவு கேட்டாலும், எந்த ஊருக்கு எத்தனை இருக்கை, என்ன கட்டணம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்திரிகையிலே வெளியிடச் சொல்லுங்கள். திருச்சிக்காரனும் அதை எண்ணிப் பார்க்கட்டும்!