ஒப்படைத்த பிறகு என்ன ஆனார்?

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் ஆற்றிய உரை)



சற்று முன் வாசித்த ஆண்டறிக்கையில் ஒரு வரி வந்தது. "தெருவில் திரிந்த மனநலம் பாதிக்கப்பட்டோர் 7 பேர் மீட்கப்பட்டு, அரசு வசம் ஒப்படைக்கப்பட்டனர்." அதைக் கேட்டு நீங்கள் மாஷா அல்லாஹ் சொன்னீர்கள். அந்த வரியை எழுதியவன் நான்தான். எழுதி முடித்த பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. அந்த ஏழு பேரும் இன்று எங்கே இருக்கிறார்கள்? என்னிடம் பதில் இல்லை.

அவர்களில் ஒருவரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் பள்ளிவாசல் வெளித்திண்ணையில் நான்கு மாதம் கிடந்தார். சடைபிடித்த தலை, தோளில் ஒரு சாக்கு. யாரிடமும் பேசமாட்டார். நாம் சோறு கொடுத்தோம், பெருநாளைக்கு உடுப்பும் கொடுத்தோம். பிறகு காவல் நிலையத்துக்குச் சொன்னோம், அழைத்துப் போனார்கள். நாம் படம் எடுத்து இதே மடலில் போட்டோம். ஐந்து மாதம் கழித்து வடசேரி பேருந்து நிலையத்தில் அதே மனிதரைப் பார்த்தேன். முடி வெட்டியிருந்தது, சட்டைப்பையில் தீர்ந்துபோன மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. மற்றபடி பழைய கோலம்தான்.

அன்று என்னோடு வந்த நம் மதரஸா ஹாபிழ் பீகார்க்காரர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் ஊர்ப் பேச்சில், "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டார். அந்த மனிதர் அழுதுவிட்டார். பூர்ணியா பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். திண்ணையில் நான்கு மாதம், சிகிச்சையில் ஐந்து மாதம். அந்த ஒன்பது மாதத்தில் அவர் மொழியில் யாரும் அவரிடம் பேசவில்லை. அவரை எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. குறையில் பாதி நம்முடையது. அந்த ஹாபிழ் நான்கு மாதமும் திண்ணைக்கு உள்ளே, பத்தடி தூரத்தில்தான் இருந்தார்.

நம் மாவட்டத்துக்கு இது தற்செயலாக வந்த காரியம் இல்லை. அஸ்ஸாமின் திப்ருகரில் புறப்படும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் கன்னியாகுமரியில்தான் நிற்கிறது. காஷ்மீர்ப் பக்கமிருந்து வரும் ஹிம்சாகருக்கும் அதுவே கடைசி நிலையம். மனம் குழம்பி எங்கோ ஒரு நிலையத்தில் ரயில் ஏறியவரை, கடைசி நிலையத்தில் இறக்கிவிடுகிறார்கள். அதற்கு மேல் போகக் கடல்தான் இருக்கிறது. அங்கிருந்து நடந்து சுசீந்திரம், கோட்டாறு, இடலாக்குடி என்று வந்து சேர்கிறார்.

நம் சமுதாயத்துக்கு இதில் ஒரு தனிக் கடனும் உண்டு. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப் போனார்கள். தர்காவை நம்பி, குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். கட்டியவன் குற்றவாளி என்று சொல்வது எளிது. விட்டுப் போன பிறகு திரும்பி வந்து பார்க்காதவர்கள் எத்தனை பேர்? அந்தக் காப்பகங்களை அரசு மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. நாடு முழுவதும் சட்டம் மாற அந்தத் தீ ஒரு காரணமானது.

அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். அதன் 100ஆவது பிரிவுப்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவர் வீடற்றவராக இருந்தால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். 18ஆவது பிரிவு, வீடற்றவருக்கும் ஆதரவற்றவருக்கும் அரசுச் சிகிச்சை முழுக்க இலவசம் என்கிறது. ரேஷன் அட்டை, வறுமைக்கோட்டு அட்டை எதுவும் கேட்க முடியாது. 19ஆவது பிரிவு இன்னும் முக்கியம். குடும்பம் இல்லை, வீடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. 95ஆவது பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது.

ஆக, நாம் அரசிடம் கேட்பது பிச்சை இல்லை, அந்த மனிதரின் ஹக்கு.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநீதி. மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீடற்ற மனநோயாளிகளுக்காகவே, அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தமிழக அரசு பல மாவட்டங்களில் ஏற்படுத்தியிருக்கிறது. அரசு மருத்துவமனை இடத்தைத் தருகிறது, தேசிய நலவாழ்வுத் திட்டத்தில் பணம் வருகிறது, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. சென்னையில் 1993இல் இரண்டு இளம் பெண்கள் தொடங்கிய பான்யன் அமைப்பின் அனுபவம் இதற்குப் பின்னால் இருக்கிறது. தூரத்தில் கொண்டுபோய்ப் பெரிய மதிலுக்குள் அடைப்பதைவிட, ஊருக்குப் பக்கத்தில், சாதாரண மருத்துவமனை வளாகத்திலேயே வைத்துப் பார்ப்பது நல்ல முறை.

ஆனால் நல்ல முறை நன்றாக நடக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? இத்தனை படுக்கை, இத்தனை பேர் அனுமதி, இத்தனை பேர் விடுவிப்பு என்று அறிக்கை வரும். இதில் "விடுவிப்பு" என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். வீட்டுக்குப் போய், மாத்திரை சாப்பிட்டு, வேலைக்குப் போகிறவரும் விடுவிப்புதான். வீட்டில் பின்னறையில் பூட்டப்பட்டவரும் விடுவிப்புதான். வேறொரு இல்லத்துக்கு மாற்றப்பட்டு ஆயுள் முழுக்க அங்கேயே கிடப்பவரும், வடசேரியில் மறுபடி படுத்திருந்த நம் ஆளும் அதே கணக்கில்தான் வருகிறார்கள். பதிவேட்டில் நான்கு பேருக்கும் ஒரே எழுத்து. நம் ஆண்டறிக்கையில் உள்ள "ஒப்படைக்கப்பட்டனர்" என்ற சொல்லும் அதே ஜாதி.

அதனால் கடந்த இரண்டு மாதமாக அந்த ஏழு பேரையும் தேடினேன். கணக்கைச் சபையில் வைக்கிறேன். மூன்று பேர் வீட்டில் இருக்கிறார்கள். பூர்ணியாக்காரர் அதில் ஒருவர். அண்ணன் இரண்டு நாள் ரயிலில் வந்து அழைத்துப் போனார், ஹாபிழ் மாதம் ஒருமுறை போனில் விசாரிக்கிறார். இன்னொருவர் மாத்திரை சாப்பிட்டு ஒரு மரக்கடையில் வேலை செய்கிறார். மூன்றாமவரை நேரில் போய்ப் பார்த்தேன். கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. ஒருவர் காப்பகத்தில் இருக்கிறார். குணமாகிவிட்டது, ஏற்க ஆளில்லை. ஒருவர் மௌத்தாகிவிட்டார், நமக்குத் தகவல் வரவில்லை, ஏனென்றால் நாம் பெயர் கொடுத்துவிட்டு வரவில்லை. மீதி இரண்டு பேர் எங்கே என்று தெரியாது.

ஏழில் இரண்டுதான் மனநிறைவோடு சொல்லக்கூடியது. இதை அரசின் தோல்வி என்று எழுதிவிட்டு நான் தூங்க முடியாது.

வரலாற்றில் நம் முன்னோர் இதை யோசித்திருக்கிறார்கள். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்ஃப் சொத்தில் நடந்தது. மனநோயாளிகளுக்கு அங்கே தனிப் பகுதி இருந்தது. குணமாகிப் போகும் ஏழைக்கு, உடனே வேலைக்கு ஓட வேண்டியதில்லாதபடி கைச்செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்பினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாசலைத் தாண்டிய பிறகும் நோயாளி நம் பொறுப்பு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நம் காலத்தில் மகாராஷ்டிரத்தின் கர்ஜத்தில் மனநல மருத்துவர் பரத் வாத்வானி, தெருவில் கிடந்தவர்களுக்குச் சிகிச்சை தந்து, அவரவர் மாநிலத்து வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார். 2018இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. வீடே இல்லாதவர்களுக்குப் பான்யன் வேறொரு வழி கண்டது. நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் வாழ வைக்கிறது. நம் மஹல்லாவில் அப்படி ஒரு வீட்டுக்கு வாடகைக்கு இடம் கேட்டால் எத்தனை பேர் கொடுப்போம் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

சஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவம் உண்டு. அறிவில் ஏதோ குழப்பமுள்ள ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தனக்கு ஒரு தேவை இருக்கிறது என்றார். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று பேசலாம் என்று சொல்லி, அவருடைய தேவை முடியும்வரை நபியவர்கள் கூடவே நின்றார்கள். வேறு யாரிடமும் ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை. நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

ஆகவே பொதுக்குழு முன் சில கோரிக்கைகள்.

ஒன்று, இனி யாரை ஒப்படைத்தாலும் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகல் கேட்டு வாங்குவோம். தொடர்பு முகவரியாக அறக்கட்டளையின் பெயரைக் கொடுப்போம்.

இரண்டு, வேற்று மாநிலத்தவரானால் அவர் மொழி தெரிந்தவரை முதல் நாளே கூட்டிப் போவோம். நம் மதரஸாக்களிலும், கட்டட வேலைக்கு வந்த பிள்ளைகளிடத்திலும் அந்த மொழிகளெல்லாம் இருக்கின்றன.

மூன்று, ஒவ்வொருவரையும் ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து விசாரித்து எழுதுவோம். எங்கே தங்குகிறார், மாத்திரை கிடைக்கிறதா, கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று மூன்றே கேள்வி போதும். மாத்திரை வாங்கப் பஸ் காசில்லாமல் நின்றுபோகிறவருக்கு ஸதகா நிதியிலிருந்து கொடுப்போம். பூட்டிவைத்த வீட்டாரை ஏசாமல், 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கொடுத்து, மருத்துவரிடம் கூடப் போவோம்.

நான்கு, இதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்போம். எத்தனை பேர் விடுவிக்கப்பட்டார்கள் என்பதோடு, ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்போம். முதலில் நம் கணக்கைக் காட்டிவிட்டுக் கேட்டால் அதிகாரிகளும் மனம் திறந்து பேசுவார்கள்.

ஐந்து, படம் எடுத்துப் போடுவதை இன்றோடு நிறுத்துவோம்.

காணாமல் போன அந்த இரண்டு பேரையும் தொடர்ந்து தேடுவேன். அடுத்த ஆண்டறிக்கையில் "ஒப்படைக்கப்பட்டனர்" என்ற சொல் இருக்காது, இன்ஷா அல்லாஹ். அதற்குப் பதில் ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று எழுதியிருக்கும். எழுத முடியாவிட்டால் அதற்கும் என்னிடம் காரணம் கேளுங்கள்.

அல்லாஹ் நம் அமல்களை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.