46 வயதில் கடலேறிய மருத்துவர்

(சந்தவாசலில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சந்தவாசலில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நியாயம்தான். நிமிர்ந்து பார்த்தால் ஜவ்வாது மலை. தெருவில் நடந்தால் தறிச் சத்தம். நம் பிள்ளைகளில் பலர் கடலை முதலில் பார்ப்பது பாடப்புத்தகப் படத்தில்தான். ஆனாலும் உலகத் துறைமுகங்கள் பலவற்றில் இன்று புழங்கும் ஒரு சொல் நம் மொழியிலிருந்து போனது. கட்டுமரம் என்ற சொல்தான் அது. சமூக அறிவியல் ஆசிரியர் என்பதால் ஒரு சொல்லின் பயணத்தைப் பின்தொடர்வது எனக்குப் பிடிக்கும். அப்படிப் போனபோதுதான் இன்று நான் பேசப்போகும் மனிதர் எனக்குக் கிடைத்தார்.

கட்டுமரம் என்பதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் அவிழ்த்து, மரங்களை வெயிலில் காயவைக்கலாம். அலை மேலே புரண்டாலும் தண்ணீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும் என்பதால் மூழ்காது. துறைமுகம் இல்லாத, அலை உடையும் சோழமண்டலக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் இல்லை. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தன் பயண நூலில் இந்தக் கலத்தைப் பற்றி எழுதினார். ஆங்கில வாசகர்களுக்கு அந்தச் சொல் அப்போதே அறிமுகமாகிவிட்டது.

அதன்பின் ஒரு வேடிக்கை நடந்தது. 1876இல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர், இரண்டு ஒல்லியான படகுகளை இணையாக வைத்து நடுவே பாலம்போல் தளம் அமைத்து ஒரு பாய்மரப் படகு கட்டினார். காலப்போக்கில் அந்த வகைப் படகுக்கே ‘கேட்டமரான்’ என்ற பெயர் நிலைத்தது. ஆனால் அப்படிப்பட்ட இரட்டைப் படகை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கட்டிவந்தவர்கள் பசிபிக் தீவு மக்கள். வடிவம் அவர்களுடையது, பெயர் நம்முடையது. புகழ் மட்டும் இருவருக்கும் வரவில்லை. இதை வகுப்பில் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்று மேலை நாடுகளில் 50, 60 வயதில் வேலையை விட்டு, வீட்டை விற்று, இத்தகைய கேட்டமரான் ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் இந்தப் படகு? ஒற்றைப் படகு காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்தே ஓடும். சமையலும் தூக்கமும் சாய்ந்தபடிதான். இரட்டைப் படகு அகலமானது, அதிகம் சாயாது. ஆழம் குறைந்த இடத்திலும் நிறுத்தலாம். ஒரு குறையும் உண்டு. ஒற்றைப் படகு கவிழ்ந்தால் அடியில் உள்ள கனம் அதை மீண்டும் நிமிர்த்தும். இரட்டைப் படகு கவிழ்ந்தால் கவிழ்ந்தபடியே கிடக்கும்.

வெளியிலிருந்து பார்க்க அது நிரந்தரச் சுற்றுலாபோல் தெரியும். உண்மை வேறு. குடிநீரைக் குவளைக் கணக்கில் செலவழிக்க வேண்டும். மழை வந்தால் துணி விரித்துப் பிடிக்க வேண்டும். உப்புக் காற்று எல்லாவற்றையும் அரிக்கும். இரவில் முறை போட்டு விழித்திருக்க வேண்டும். இவ்வளவு பாடும் எதற்காக என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எனக்கு நிறைவாகத் தோன்றிய பதில் டேவிட் லூயிஸ் என்பவரின் வாழ்க்கையில் இருக்கிறது.

லூயிஸ் 1917இல் இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்திலும் பசிபிக்கின் ரரோட்டோங்கா தீவிலும் வளர்ந்தவர். மருத்துவம் படித்து, கிழக்கு லண்டனில் உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில் பொது மருத்துவராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1960இல் அட்லாண்டிக் கடலைத் தனியாளாகக் கடக்கும் முதல் போட்டி நடந்தது. கலந்துகொண்டவர்கள் ஐந்தே பேர். லூயிஸின் 25 அடிப் படகின் பாய்மரம் புறப்பட்ட நாளிலேயே முறிந்தது. கரைக்குத் திரும்பிச் சரிசெய்துகொண்டு மறுபடி கிளம்பி மூன்றாவதாக வந்தார்.

அதன்பின் ‘ரேஹு மோனா’ என்ற பெயரில் 40 அடி நீள இரட்டைப் படகு ஒன்றைக் கட்டுவித்தார். மாவோரி மொழியில் அதற்குக் கடல் சாரல் என்று பொருள். 1964இல், தம் 46ஆவது வயதில், மருத்துவத் தொழிலை விட்டுவிட்டுப் புறப்பட்டார். அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தபின், அமெரிக்காவில் மனைவியும் இரு சிறு பெண் குழந்தைகளும் படகில் சேர்ந்துகொண்டார்கள். தென் அமெரிக்காவின் கோடியிலுள்ள மகெல்லன் நீரிணை வழியாகப் பசிபிக் பெருங்கடலுக்குள் நுழைந்து, தென்னாப்பிரிக்கா வழியாக 1967இல் இங்கிலாந்து திரும்பினார்கள். இரட்டைப் படகு ஒன்று உலகைச் சுற்றிவந்தது அதுவே முதல்முறை.

இந்தக் கதையைச் சொன்னபோது என் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: “சார், அந்தப் புள்ளைங்க எந்த ஸ்கூல்ல படிச்சாங்க?” நல்ல கேள்வி. பள்ளி வயதை எட்டுமுன்பே கிளம்பிய குழந்தைகள் அவர்கள். மூன்றாண்டுகளில் அவர்கள் எதைக் கற்றார்கள், எதை இழந்தார்கள் என்று நாம் வாதிடலாம். ஆனால் அந்தப் படகில் அதிகம் கற்றவர் அந்தக் குழந்தைகளின் அப்பா.

பசிபிக்கில் அவர் ஒரு சோதனை செய்தார். டஹிட்டியிலிருந்து நியூசிலாந்து வரையிலான கடலில், திசைகாட்டியோ கடிகாரமோ பயன்படுத்தாமல், வானத்தையும் அலையையும் மட்டும் பார்த்துப் படகைச் செலுத்தினார். உடன் இருந்தவர் கருவிகளால் அளந்து குறித்து வைத்தார். அதை லூயிஸிடம் காட்டவில்லை. படகு சரியாகக் கரை சேர்ந்தது. பசிபிக் தீவுகளுக்கு மக்கள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டுத் தற்செயலாகத்தான் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று அறிஞர்கள் சிலர் வாதிட்டுவந்த காலம் அது. அவர்கள் வழி தெரிந்தே போயிருக்கலாமே என்ற கேள்வி லூயிஸை விடவில்லை.

1968இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவியோடு மீண்டும் கடலேறினார். இம்முறை கேட்பதற்காகப் போனார். சாலமன் தீவுகளில் தெவாக்கே என்ற முதியவரிடமும், கரோலின் தீவுகளில் ஹிப்பூர் என்பவரிடமும் சேர்ந்தார். தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே கடல்வழி கற்றவர்கள் அவர்கள். லூயிஸ் தம் படகை அவர்கள் கையில் ஒப்படைத்தார். திசைகாட்டியையும் வரைபடத்தையும் ஒதுக்கிவைத்தார். 50 வயதைக் கடந்த மருத்துவர், உலகைச் சுற்றிவந்த மாலுமி, மாணவராக உட்கார்ந்தார்.

அவர்கள் கற்றுத்தந்தது என்ன? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நாளைக்கே வகுப்பில் பயன்படும்.

முதலாவது, விண்மீன் பாதை. ஒரு விண்மீன் ஆண்டு முழுவதும் அடிவானத்தில் ஒரே இடத்தில்தான் உதிக்கும். நேரம் மட்டும் நாளுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் முந்தும். தீவு இருக்கும் திசையில் உதிக்கும் விண்மீனை நோக்கிப் படகு செல்லும். அது மேலேறிவிட்டால் அதே இடத்தில் உதிக்கும் அடுத்த விண்மீன் வழிகாட்டும். ஓர் இரவுக்குப் பத்து விண்மீன் வரை வேண்டியிருக்கும். அந்த வரிசை முழுக்க மனப்பாடம்.

இரண்டாவது, அலை. தொலைவில் வீசும் காற்று எழுப்பிய நெடிய அலைகள் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று திசைகளிலிருந்து வரும். மேகம் மூடிய இரவில் தெவாக்கே படகின் ஆட்டத்தை உடம்பால் உணர்ந்து, எந்த அலை எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிந்தார்.

மூன்றாவது, கரைக்கு அருகில் வந்துவிட்டதன் அடையாளம். சில கடற்பறவைகள் காலையில் மீன் தேடித் தீவிலிருந்து வெளியே பறக்கும், அந்தியில் தீவுக்குத் திரும்பும். அந்தியில் அவை போகும் திசையில் கரை இருக்கிறது. மாலையில் நிலைத்து நிற்கும் மேகத்தின் கீழும் தீவு இருக்கலாம்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கரோலின் தீவு மாலுமிகள் தம் படகு நகர்வதாகக் கணக்கிடுவதில்லை. படகு நிற்கிறது, தீவுகள்தான் நகர்கின்றன என்று வைத்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியாத தொலைவில் உள்ள ஒரு தீவு, ஒரு விண்மீனின் கீழிருந்து அடுத்த விண்மீனின் கீழ்வரை பின்னோக்கி நகர்ந்துவிட்டது என்றால் பயணத்தில் இவ்வளவு முடிந்தது என்று கணக்கு. நம் பிள்ளைகளுக்கு இது புரியுமா? பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தை என்ன சொல்கிறது? பனைமரம் வேகமாக ஓடுது, மலை மெதுவாகப் போகுது என்கிறது. அதே கண்ணோட்டம்தான். ஒன்பதாம் வகுப்பு இயற்பியலில் சார்பு இயக்கம் என்று நாம் கரும்பலகையில் எழுதுவதை, எழுத்தறியாத மாலுமி பெருங்கடலைக் கடக்கும் கருவியாக வைத்திருந்தார்.

ஹிப்பூர் 1969இல் லூயிஸின் படகைப் புலுவாட் தீவிலிருந்து சைப்பான் தீவுக்குக் கருவியின்றிக் கொண்டுபோய்த் திரும்பியும் கொண்டுவந்தார். இவற்றையெல்லாம் தொகுத்து லூயிஸ் 1972இல் ஒரு நூல் வெளியிட்டார். 1975இல் ஹவாய் மக்கள் தம் முன்னோர் முறையில் ‘ஹோக்குலேயா’ என்ற இரட்டைப் படகைக் கட்டி முடித்தார்கள். 1976இல் சத்தவல் தீவின் மாவ் பியாய்லுக் அதைக் கருவியின்றி டஹிட்டிக்குச் செலுத்தினார். லூயிஸும் அதில் குறிப்பெடுப்பவராகப் போனார். ஹவாயில் அந்த வித்தை தெரிந்த ஒருவர்கூட அப்போது மிஞ்சியிருக்கவில்லை. வேறு தீவிலிருந்துதான் ஆசிரியரை அழைக்க வேண்டியிருந்தது. பியாய்லுக்கிடம் கற்ற ஹவாய் இளைஞர் நைனோவா தாம்சன் 1980இல் தாமே அந்த வழியைக் கடந்தார்.

தெவாக்கே? லூயிஸ் அவரிடம் கற்ற சில ஆண்டுகளிலேயே கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. லூயிஸ் பத்தாண்டு தாமதித்திருந்தால் அந்த முதியவரின் அறிவு அவரோடே போயிருக்கும். ஓர் அறிவு அழிய அதை யாரும் தடை செய்ய வேண்டியதில்லை. கேட்க ஆளில்லாமல் போனால் போதும்.

இதை நான் இங்கே, இந்த ஊரில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் பேர் வாங்கித் தந்த கைகள் நம் பிள்ளைகளின் வீடுகளில் இருக்கின்றன. பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையை முறுக்கி இணைக்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று மாறினாலும் விரல் கண்டுபிடித்துவிடும். தறிக்குழியில் காலால் மிதித்துக்கொண்டே கரையின் கணக்கையும் புட்டாவின் கணக்கையும் மனத்தில் ஓட்டும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் பள்ளிக்கு எதற்கு அழைக்கிறோம்? கையெழுத்துப் போட அழைக்கிறோம். பையன் கணக்கில் குறைவாக எடுத்திருக்கிறான் என்று சொல்ல அழைக்கிறோம். அவர்களிடம் ஒரு பாடம் கேட்டிருக்கிறோமா? “அப்பா என்ன வேலை?” என்று கேட்டால் “சும்மா தறிதான் சார்” என்று பிள்ளை தலைகுனிகிறது. அந்தச் ‘சும்மா’ எங்கிருந்து வந்தது என்று நாம் யோசிக்க வேண்டும்.

இங்கே பணி ஓய்வை நெருங்கியவர்களும் இருக்கிறீர்கள். 60 வயதில் என்ன செய்வது என்ற கேள்வி உங்களுக்குள் ஓடுவது எனக்குத் தெரியும். படகு வாங்கச் சொல்லவில்லை. லூயிஸின் வாழ்க்கையில் துணிச்சலும் இருந்தது, வீட்டாருக்குச் சுமையும் இருந்தது. எல்லாவற்றையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் பிந்திய வயதில் ஒருவர் தம் பழைய வாழ்க்கையை விட்டுப் புறப்படுவது ஓய்வெடுக்க மட்டும்தான் என்றில்லை. நமக்குத் தெரியாததைத் தெரிந்தவர் முன்னால் மாணவராக உட்காரவும் புறப்படலாம். 30 ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த வாய்க்கு அது எளிதல்ல. ஆனால் கேள்வி கேட்கவும், கேட்டதை ஒழுங்காகக் குறித்துவைக்கவும் நம்மைவிடப் பழகியவர்கள் யார்?

ஓய்வுபெறப் போகிறவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு தறி வீட்டுக்குப் போங்கள். அவர்கள் சொல்லும் சொற்களை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். பணியில் இருப்பவர்கள் மாதம் ஒரு பெற்றோரை வகுப்புக்கு அழைத்து, அரை மணி நேரம் அவர் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் ஒரு விண்மீனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அது எந்த வீட்டுக் கூரைக்கு மேல் உதிக்கிறது என்று ஒரு மாதம் குறிக்கச் சொல்லுங்கள். நேரம் மாறும், கூரை மாறாது. அதை அவர்களே வந்து சொல்லட்டும்.

நம் கடற்கரை மக்கள் தந்த ஒரு சொல் உலகம் முழுக்கப் போய்விட்டது. கட்டியவரின் பெயர்தான் எங்கும் எழுதப்படவில்லை. நம் தறிகளுக்கும் அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு நம் கையில் இருக்கிறது.