அளவறிந்த தலையீடு



தாவோயியத்தில் இயற்கையும் மனிதரும் என்றதும் லாவோட்சுவின் பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங் நினைவுக்கு வரும். 81 சிறு இயல்கள் கொண்ட அந்நூல் இம்மரபின் ஊற்று. ஆனால் அதோடு நின்றுவிட்டால், இயற்கையோடு இசைதல் என்பது மலையில் ஒதுங்கிய முனிவரின் மனநிலையாகச் சுருங்கிவிடும். அந்த இசைவு உழைப்பாலும் கட்டுப்பாட்டாலும் காக்கப்படுவது என்பதே என் கருத்து.

முதல் சான்றாக, சீனாவின் சிச்சுவானில் மின் என்னும் ஆற்றின் துஜியாங்யான் பாசன அமைப்பைப் பாருங்கள். கி.மு. 256 அளவில் சின் அரசின் ஆளுநர் லி பிங் அதைத் தொடங்கினார். ஆற்றை மறித்து அவர் அணை எழுப்பவில்லை. நடுவே மீன்வாய் வடிவில் கரை அமைத்து ஆற்றை இரண்டாகப் பிரித்தார். உட்புறக் கிளை ஆழமானது; வறண்ட காலத்தின் குறைந்த நீரில் பெரும்பங்கு அவ்வழியே வயலுக்குப் போகும். வெள்ளக் காலத்தில் பெரும்பங்கு அகன்ற வெளிக்கிளையில் வடியும். மிஞ்சிய நீரையும் மணலையும் தாழ்வான கலிங்கு வெளியேற்றிவிடும். ஆழத் தூர்வாரு, கலிங்கை உயர்த்தாதே என்பது அங்கே தலைமுறைகளாக வழங்கிவரும் நெறி. செயலின்மை எனப்படும் வூ-வெய் கோட்பாட்டைச் சோம்பலாகக் கருதுவோர் இந்தத் தூர்வாரும் உழைப்பைக் காண வேண்டும்.

லி பிங் தாவோயியர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிற்காலத் தாவோயியர் அவரைத் தெய்வமாக ஏற்றனர். ஆற்றங்கரையில் அவருக்கும் அவர் மகனுக்கும் கோயில் இருக்கிறது. அருகிலுள்ள சிங்செங் மலை தாவோயியத்தின் தொட்டில்களில் ஒன்று. மலையையும் பாசன அமைப்பையும் யுனெஸ்கோ 2000இல் ஒரே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது பொருத்தமானதே.

இரண்டாவது சான்று, தொடக்ககாலத் தாவோயியச் சமூகத் தலைவர்களுக்கு வகுக்கப்பட்ட 180 விதிகள். வீணாக மரம் வெட்டாதே, நீர்நிலைகளில் நஞ்சு கலக்காதே, சதுப்பை வற்றச் செய்யாதே, குளிர்காலத்தில் மண்ணுக்குள் உறங்கும் உயிர்களைத் தோண்டாதே என அவை கட்டளையிடுகின்றன. இவை தலைவரின் கையைக் கட்டும் விதிகள். அதிகாரம் உள்ளவரிடமிருந்தே கட்டுப்பாட்டைத் தொடங்கிய அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இத்தகைய சிந்தனை வளர்ந்த நாட்டிலேயே பெருங்காடுகள் அழிந்தன. யானைகள் தென்மேற்கு எல்லைவரை பின்வாங்கிய வரலாற்றை வரலாற்றாசிரியர் மார்க் எல்வின் 2004இல் விரிவாக எழுதினார். நல்ல தத்துவம் மட்டுமே காட்டைக் காப்பாற்றிவிடாது. எந்த விதி நடைமுறைக்கு வந்தது, எது ஏட்டோடு நின்றது, ஏன் நின்றது என்பவற்றை ஆராய்வது நம் கடமை.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு என் வேண்டுகோள்: தத்துவ நூல்களோடு கோயில் விதிகளையும், பாசனப் பதிவுகளையும், நில வரலாற்றையும் சேர்த்துப் படியுங்கள். தாவோயியத்தைப் போற்றுவதோடு நில்லாமல், அதைச் சோதித்தும் பாருங்கள். அத்தகைய விவாதங்கள் இங்கே நிகழட்டும் என்று வாழ்த்தி, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.